சுண்டிக்குளத்துக்கு நான் முதல்முறை போன நாள்

இது கற்பனையாக இருந்திருந்தால் எப்போதோ எழுதியிருப்பேன். நடந்தது என்பதால்தான் இத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லை.

1986 மாசி 22, சனிக்கிழமை. அப்போது நான் சண்டிலிப்பாயில் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிப்பித்தேன். சுண்டிக்குளம் நீரேரியில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் இறங்கியிருக்கின்றன என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் வாழ்நாளில் நான் அந்தப் பக்கம் போனதே இல்லை.

காலை 9.40க்குக் கொடிகாமம் சந்தையடியிலிருந்து மரப்பெட்டி பஸ் மாதிரியான தட்டிவான் வெளிக்கிட்டது. உள்ளே இருக்கைக்குப் பலகை வாங்குகள், வெறும் ஓலைக் கடகங்கள், மீன் விற்றுவிட்டுத் திரும்பும் பெண்கள். சரியான நெரிசல். ஆனால் என் வாங்கில் என்னைத் தவிர யாரும் இருக்கவில்லை. நாலைந்து பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில் நின்றவளை இருக்கச் சொன்னேன். அவள் கடகத்தைத் தூக்கிக்கொண்டு இன்னும் தள்ளிப் போனாள்.

வேற்றூர் ஆள், கழுத்தில் பைனாகுலர். அந்த நாட்களில் யாரைக் கண்டாலும் சந்தேகம்தான். அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முன்னால் கறுப்புச் சேலை உடுத்த ஒருத்தி இருந்தாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கால்களையே பார்த்தாள். வழி முழுக்க.

11.25. வான் நின்றது. ஒரு வீடு இல்லை. தாழம்பற்றையும் மணலும்தான். எங்கே இறங்குவேன் என்று நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"இறங்கு," என்றார் சாரதி முருகேசு.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"உன்ரை இடம் உதுதானே."

இறங்கினேன். கறுப்புச் சேலைக்காரியும் இறங்கினாள். வான் போய்விட்டது. அவள் அசையாமல் நின்றாள். நான் திரும்பிப் பார்க்காமல் நீரேரியை நோக்கி நடந்தேன்.

12.05. கண்டேன். தூரத்தில், வெயிலுக்குள், நீளமான ஒரு ரோசாநிறக் கோடு. எல்லாம் பூநாரைகள். வந்த வழி, அந்த முகங்கள், எல்லாம் மறந்துபோயின. சப்பாத்தைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினேன். முழங்கால் வரைதான்.

சளக்... சளக்... என் கால் சத்தம்.

நின்றேன்.

சளக்.

திரும்பினேன். வெறும் தண்ணீர். வெயில். ஒருவரும் இல்லை.

நான்கு அடி வைத்தேன். ஐந்து சத்தம் கேட்டது.

யாரோ மூச்சு வாங்கினார்கள். என் காதடியில்...

பிறகு, என் வலது மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

ஈரமான கை. விழப்போகிறவனின் பிடி.

பறவைகள் அத்தனையும் ஒன்றாக எழும்பின.

ஓடினேன்.

12.17க்குக் கரையில் விழுந்தேன். கறுப்புச் சேலைக்காரி அங்கே நின்றாள்.

"என்ரை கையாலை தேத்தண்ணி வாங்கிக் குடிச்சனீ," என்றாள். "பிறகு என்ரை மனுசனைக் கூட்டிக்கொண்டு உந்தத் தண்ணிக்குள்ளை இறங்கினனீ."

அவள் பெயர் மரியநாயகி. கணவன் யாகப்பு, மீன்பிடிகாரன். தை 11, சனிக்கிழமை, இதே முருகேசுவின் வானில் நான் வந்தேனாம். பறவை பார்க்க வழிகாட்டச் சொல்லி அவனைக் கூட்டிப் போனேனாம். நாங்கள் இருவரும் இறங்கியதை ஊரே பார்த்ததாம். பின்னேரம் யாகப்பு முழங்கால் தண்ணீரில் குப்புறக் கிடந்தான். சேற்றில் அவனுடைய காலடி மட்டும்தான் இருந்தது.

நான் சத்தியம் செய்தேன். தை மாதம் முழுக்க நெருப்புக்காய்ச்சலில் கட்டிலை விட்டு எழும்பவில்லை என்றேன். அவள் என் மணிக்கட்டைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

சிவந்த விரல் அடையாளங்கள். பெருவிரல், அதோடு மூன்று விரல். சின்னவிரலுக்கு அடையாளம் இல்லை.

"வலைக்கயிறு இழுக்கேக்கை அவருக்குப் போன விரல்," என்றாள். அழவில்லை. "போ. இனி இந்தப் பக்கம் வராதை."

திரும்பி வந்த வான் எனக்கு நிற்கவில்லை. நடந்தேன். பிறகு ஒரு லொறி ஏற்றிக்கொண்டது.

இரவு 7.10க்கு வீடு. மனைவி பத்மாவதியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பறவைகளைக் கண்டேன் என்று மட்டும் சொன்னேன். சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டை மூடியிருந்தேன். அவள் சாப்பாடு போட்டாள்.

"கனநாளாக் கேக்க வேணுமெண்டு நினைச்சனான். யாகப்பு எண்டு ஆர்?"

சாப்பாட்டைத் தள்ளி வைத்தேன்.

காய்ச்சல் உச்சத்தில் இருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், அந்தப் பெயரைச் சொல்லி நான் யாரோடோ கதைத்துக்கொண்டு கிடந்தேனாம். அவளும் பயந்துபோய்ப் பக்கத்தில் இருந்தாளாம். நான் எழும்பிய பிறகு அதைச் சொல்ல மனம் வரவில்லையாம்.

என்ன கதைத்தேன் என்று கேட்டேன்.

"'வா, இன்னும் கொஞ்சத் தூரம்தான்' எண்டு திருப்பித் திருப்பிக் கூப்பிட்டியள்."

"பிறகு?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பிறகு சிரிச்சியள். கனநேரம்."