மாமாவின் இறால் கண்

அம்மாவின் தம்பி வெளிநாட்டில் தொலைநோக்கி வடிவமைக்கிறார் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகள் எல்லாமே பெருமைப்பட்டுக்கொண்டன. எனக்கு மட்டும் அவர் மேல் சந்தேகம். விடுமுறைக்கு அவர் வந்திறங்கிய நேரம் அப்படி.

இரண்டு வாரத்துக்கு முன்புதான் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் அம்மாவின் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து, பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அம்மா அதை அரிசி வாளிக்குள் போட்டுவிட்டாள். யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாள். நோய் என்று தெரிந்தால் கொழுந்தெடுக்க மலைக்கு விடமாட்டார்களாம்.

மாமா பண்டாரவளையிலிருந்து இறால் வாங்கி வந்தார். கறிக்கு என்று நினைத்தோம். மனிதர் அதன் கண்ணைப் பிய்த்துப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அட்டையைச் சின்னச் சின்னச் சதுரக் குழாய்களாக மடித்து ஒட்டி, கிண்ணம்போல வளைத்து மேசையில் வைத்தார். இறால் கண்ணும் இப்படித்தானாம். இதே அமைப்பில் கண்ணாடி செய்து மேலே அனுப்பினால் வானம் முழுவதையும் கண்காணிக்கலாமாம். அதுவும் எக்ஸ்ரேயில்.

எக்ஸ்ரே என்றதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வானத்தைப் பார்க்கிறவருக்கு எங்கள் அப்புத்தளைப் பனிமூட்டத்தில் என்ன வேலை? டிஸ்பென்சரிக்காரர்கள்தான் அனுப்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அம்மா உள்ளே வரும்போதெல்லாம் அந்த அட்டைக் கண்ணின் மேல் சாக்கைப் போட்டு மூடினேன். மூன்றாம் நாள் மாமா பிடித்துவிட்டார்.

"ஏம்மா இத மூடி மூடி வைக்கிற?"

"அம்மாவ பாக்காதீங்க மாமா. அம்மாவுக்கு ஒன்னுமில்ல."

மாமா சிரித்தார். இது வெறும் அட்டை, உண்மையானதுகூட யார் மேலும் கதிரைப் பாய்ச்சாது, வானத்திலிருந்து தானாக வருவதை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான் என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அம்மா பக்கம் திரும்பினார்.

"அக்கா, ஒனக்கு ஏதும் சொகமில்லயா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"அடுப்புப் பொகை மாமா. அதான் இருமுறாங்க."

மாமா நல்ல மனிதர், அப்படியே நம்பிவிட்டார். அன்று அம்மா தன் பங்கு ரொட்டியையும் எனக்கே கொடுத்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அம்மாவைத் தோட்டத்து லொறியில் பதுளைக்குக் கொண்டுபோனார்கள். அவள் திரும்பி வரவில்லை. அப்போதும் நான் மாமாவைத்தான் சந்தேகப்பட்டேன். எனக்குத் தெரியாமல் எப்படியோ அம்மாவைப் பார்த்துவிட்டார், போய்ச் சொல்லிவிட்டார் என்று. அவர் பார்க்கவே இல்லை என்பதும், பார்க்கவிடாமல் செய்தது நான்தான் என்பதும் அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.