சித்தப்பா மாட்டிய கியர்பாக்ஸ்

சித்தப்பாவின் வலது கை பக்கவாதத்தில் விழுந்த பிறகு, வீட்டில் எந்தப் பொருளும் பழுதாகிவிடக் கூடாது என்பதே சித்தியின் கவலையாக இருந்தது. பழுதானால் அவர் கை வைப்பார். பாதியில் நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டு அவள் நிற்க வேண்டும். அதனால் சின்னச் சின்னப் பழுதுகளை அவர் இல்லாத நேரத்தில் வெளியே கொடுத்துச் சரிசெய்துவிடுவாள். கியர்பாக்ஸை அப்படி முந்தானைக்குள் ஒளித்து எடுத்துப்போக முடியாது.

சித்தி பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு சின்னக் கார். அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் வைத்திருந்தாள். கற்றுக்கொள்ள வந்தவர்கள் கையில் அந்தக் காரின் கியர் பட்ட பாடு நாய் படாத பாடு. கடைசியில் ஒருத்தி கிளட்சை மிதிக்காமலே இரண்டாம் கியரைக் குத்தித் திணிக்க, உள்ளே பல் உடைந்து, கார் நடுத்தெருவில் நின்றுவிட்டது. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். நான் அப்போது பல வருட அலைச்சலுக்குப் பிறகு திரும்பி வந்து, சித்தி வீட்டு மாடி அறையில் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் தங்கியிருந்தேன்.

"சோடாகிட்ட விட்டுடலாங்க" என்றாள் சித்தி.

சோடா என்பது அடுத்த தெருவில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர். ஒரே பட்டறையில் சித்தப்பாவுக்கு அடுத்து வேலைக்குச் சேர்ந்து தொழில் பழகியவர்.

"அவன் இறக்கின கியர்பாக்ஸை விட நான் அதிகமா இறக்கியிருக்கேன்" என்றார் சித்தப்பா.

"அப்போ உங்களுக்கு ரெண்டு கை இருந்துச்சு."

"இப்பவும் ரெண்டுதான். ஒண்ணு லீவுல இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா ஊர்சுத்தி. இதை நான் வீட்டுலயே மாட்டிட்டா, நேரா சோடாகிட்ட போய் வேலை கேட்பேன். உட்கார்ந்து செய்யற வேலையாவது குடுப்பான். மாட்ட முடியலையா, இனிமே ஸ்பேனரைத் தொட மாட்டேன். அதோட முடிஞ்சுது."

சித்தி போய், பழைய கார்களை உடைத்து விற்கும் கடையிலிருந்து ஒரு பழைய கியர்பாக்ஸை வாங்கி வந்தாள்.

ஒர்க்‌ஷாப்பில் கார் மேலே ஏறும், மனிதன் கீழே நிமிர்ந்து நின்று வேலை செய்வான். வீட்டில் கார் மனிதன் நெஞ்சுக்கு மேலே நிற்கும். வாசல் சிமெண்டுத் தரையில் காரைத் தூக்கி, அடியில் நான்கு இரும்பு ஸ்டாண்டுகளைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் சித்தப்பா உள்ளே போனார். இன்ஜின் சரியாமலிருக்க மேலே ஒரு மரக்கட்டையைக் குறுக்காகப் போட்டுச் சங்கிலியால் கட்டித் தொங்கவிட்டோம். அழுக்கு கண்ணில் கொட்டும். இடது கையில் ஸ்பேனர் இருப்பதால் துடைக்க அவரால் முடியாது. சித்தி மறுபக்கம் மல்லாந்து படுத்துக்கொண்டு துணியால் துடைத்துவிடுவாள்.

"இதுக்குத்தான் கட்டிக்கிட்டேன் போல" என்பாள்.

"வாயை மூடிட்டுத் துடை. வாயில விழுந்தா ஆயில் கசக்கும்."

உடைந்ததை இறக்கியதைவிட, வாங்கி வந்ததை ஏற்றியதுதான் பாடு. கியர்பாக்ஸின் தண்டு கிளட்ச் பிளேட்டின் நடுத்துளைக்குள் நேராக நுழைய வேண்டும். பிளேட்டை மையத்தில் நிறுத்த ஒரு குச்சியில் டேப் சுற்றி, அளவு பார்த்து, மறுபடி சுற்றி, அவரே ஒரு கருவி செய்துகொண்டார். நான் ஜாக்கை ஏற்றினேன். சித்தி கியர்பாக்ஸ் பெட்டியைப் பிடித்து ஆட்டினாள். அவர் இடது உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் படுத்திருந்தார்.

"நுழையலைங்க. போல்ட்டைப் போட்டு முறுக்கி இழுத்துடலாமா?"

"இழுத்தா போல்ட் மாட்டற காது உடையும். வராததை இழுக்கக் கூடாது. கொஞ்சம் கீழே. இன்னும் ஒரு நூல். இப்ப ஆட்டு."

டொக் என்று ஒரு சத்தம். பெட்டி போய் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டது. சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் அப்படியே கிடந்தார். சித்தி பயந்துபோய் அவர் காலைத் தட்டினாள்.

போல்ட்டுகளை இடது கையால் முறுக்கினார். பலம் போதாத இடத்தில் காலால் உதைத்து இறுக்கினார். ஒரு தடவை ஸ்பேனர் வழுக்கி அவர் விரல் முட்டி கிழிந்தது. சித்தி அதைப் பார்த்தாள். சித்தப்பாவும் சோடாவும் தொழில் பழகிய பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. இறுக்கிய போல்ட்டின் தலையிலிருந்து பெட்டியின் மேல் வரை பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். கோடு போட்டவன்தான் அந்த போல்ட்டுக்குப் பொறுப்பு. வேறு யாராவது கழற்றினால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். வீட்டில் பெயிண்ட் இல்லை. என் நகச்சாயத்தைக் கேட்டு வாங்கி, எல்லா போல்ட்டிலும் சிவப்புக் கோடு இழுத்தார்.

கார் ஓடியது. கியர்கள் வெண்ணெயாக விழுந்தன. ஆனால் மூன்றாம் கியரில் மட்டும் ஒரு முனகல்.

"பழைய பாக்ஸு. எவனோ ஓட்டித் தேஞ்சது. முனகும், ஆனா ஓடும்" என்றார். கோணிய வாயோடு சிரித்தார். அடுத்த வாரம் சோடாவிடம் போவதாகச் சொன்னார்.

சித்தி தலையாட்டினாள். ஆனால் அந்த முனகல் அவள் காதை விட்டுப் போகவில்லை. கற்றுக்கொள்ள வந்த பெண்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நடுங்கும்போது, அவளுக்கு வழுக்கிய ஸ்பேனர்தான் ஞாபகம் வந்தது. "யார் வீட்டுப் பொண்ணையோ உட்கார வெச்சு ஓட்டறேன்டி. ஏதாவது ஆச்சுன்னா?" என்றாள் என்னிடம். சித்தப்பா கைக்குப் பயிற்சி எடுக்கப் போன ஒரு காலையில் காரைச் சோடாவிடம் கொண்டுபோய்விட்டாள். நானும் கூடப் போனேன்.

சோடா காரை மேலே ஏற்றி, பெட்டியை இறக்கி, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"அண்ணி, இதுல ஒண்ணுமே இல்லையே. பிளேட்டு கச்சிதமா உட்கார்ந்திருக்கு. போல்ட்டு எல்லாம் எங்க ஆளுங்க போடறதை விட டைட்டு. பழைய பாக்ஸு, முனகத்தான் செய்யும். அண்ணன் சொல்லலையா?"

"சொன்னார்" என்றாள் சித்தி.

"ஒத்தைக் கையிலயா செஞ்சார்? அண்ணனை வரச் சொல்லுங்க. உட்கார்ந்து செய்யற வேலை இருக்கு, மேஜை சும்மா கிடக்கு."

அவருடைய ஆட்கள் பெட்டியைத் திரும்ப மாட்டி, கை வழக்கப்படி போல்ட்டுகளிலிருந்த சிவப்பைத் துடைத்து மஞ்சள் கோடு இழுத்தார்கள். எங்கள் இருவருக்கும் அது உறைக்கவே இல்லை. வீடு திரும்பும்போது சித்தி பாட்டு முணுமுணுத்தாள்.

சோடாவைப் பார்க்கப் போவதற்கு முன், ஆயில் கசிகிறதா என்று பார்க்கச் சித்தப்பா டார்ச்சோடு காருக்கு அடியில் போனார். வெளியே வர நேரமாயிற்று.

"யாரு இறக்கினது?"

சித்தி என்னைப் பார்த்தாள். பிறகு, "சோடா" என்றாள்.

"என்ன தப்பு இருந்துச்சு?"

"ஒரு தப்பும் இல்லைங்க. சத்தியமா. எனக்குத்தான் பயம். எல்லாம் சரியா இருக்குன்னு அவனே சொன்னான்."

"தப்பு இல்லாம எவனாவது கியர்பாக்ஸை இறக்குவானா?" அவர் குரல் உயரவில்லை. "குழாய் தானா சரியாச்சுன்னே. மிக்ஸி தானா ஓடுதுன்னே. நானும் சரின்னேன். இதையும் சரின்னுடறேன், விடு."

"சித்தப்பா, நானும் கூட இருந்தேன். நிஜமாவே எதுவும் இல்லை" என்றேன்.

"நீ உன் சித்தி பொண்ணு மாதிரிதானே."

சித்தி அழுதுகொண்டே போன் செய்தாள். சோடா அன்று மாலையே வந்தார். எதிரே உட்கார்ந்து, பிளேட்டைப் பற்றி, போல்ட்டுகளைப் பற்றி, காலியாகக் கிடக்கும் மேஜையைப் பற்றிச் சொன்னார். சித்தப்பா பொறுமையாகக் கேட்டார். "சரிடா" என்றார். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தார். சோடா போன பிறகு சொன்னார்: "அவனுக்கு அப்போல்லாம் பொய்யே வராது. முகத்துல தெரிஞ்சுடும். இப்ப நல்லாக் கத்துக்கிட்டான்."

மறுநாள் ஸ்பேனர்களைத் துணியில் சுருட்டி இடது தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வேலை கேட்கத்தான் போகிறார் என்று சித்தி ஒரு கணம் நம்பினாள். நாங்கள் காரில் பின்னாலேயே போனோம். ஒர்க்‌ஷாப்பில் அந்தச் சுருட்டைக் காலி மேஜையின் மேல் வைத்தார். "உன் ஆளுங்களுக்கு உதவும்" என்றார். சோடா அவர் கையைப் பிடித்தார். பிடித்தது வலது கையை. சித்தப்பா அதை அவரிடமே விட்டுவைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு இடது கையால் எடுத்து விடுவித்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

சித்தி காரை அவருக்குப் பக்கத்தில், அவர் நடையின் வேகத்துக்கு, முதல் கியரிலேயே உருட்டினாள். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன.

"ஏறுங்க. வெயில்ல எதுக்கு நடக்கறீங்க?"

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்" என்றார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.