கட்டிலுக்குக் கட்டில் போன கேள்வி

அது 1978ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். மட்டக்களப்பு வாவியோரத்தில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் நான் தாதியர் பயிற்சியின் இரண்டாம் வருடத்தில் இருந்தேன். சூறாவளி அடித்த கார்த்திகை என்று சொன்னால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே இரவில் தென்னந்தோப்புகள் சரிந்தன, கூரைகள் பறந்தன, ரோடுகளில் மரங்கள் விழுந்து கிடந்தன. தபால் இல்லை, போன் இல்லை, கரண்ட் இல்லை. பக்கத்து ஊரில் ஆர் இருக்கிறார், ஆர் இல்லை என்று ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் ஆஸ்பத்திரியிலும் இரண்டு வாட்டுகளின் கூரை போய்விட்டது. அங்கிருந்த நோயாளிகளை எல்லாம் மிச்சமிருந்த வாட்டுகளுக்குள் கொண்டுவந்து நெருக்கிப் போட்டோம். கட்டில் போதாமல் பாய் விரித்தோம். விடிந்ததும் சனம் வரத் தொடங்கியது. கதவுப் பலகையில் வைத்துத் தூக்கி வந்தார்கள், தோணியில் ஏற்றி வந்தார்கள். தகரம் வெட்டிய காயம், மரம் விழுந்து முறிந்த கால், சுவர் விழுந்து நசுங்கிய கை. பாடத்தில் மட்டும் படித்திருந்ததை எல்லாம் நாங்கள் ஒரே நாளில் கண்ணால் கண்டோம்.

முதல் சில நாட்கள் நான் நன்றாகத்தான் இருந்தேன். ஓடினேன், தூக்கினேன், கழுவினேன், கட்டினேன். எங்கள் வகுப்புப் பிள்ளைகள் ஒருவரும் அழவில்லை. அழுவதற்கு நேரம் இருக்கவில்லை என்பதும் உண்மை. எங்கள் வாட்டுக்குப் பொறுப்பாக இருந்த சிஸ்டருக்கு அது பிடிக்காது என்பதும் உண்மை. அவர் கண்டிப்பான மனுசி. நோயாளிக்கு முன்னால் தாதியின் முகம் மாறக்கூடாது என்று முதல் வகுப்பிலேயே சொல்லித் தந்தவர். அவரது வெள்ளைச் சேலை அந்த நாட்களிலும் எப்படியோ வெள்ளையாகவே இருந்தது.

பிறகுதான் ஒவ்வொன்றாகத் தொடங்கியது. என் அறைத்தோழி டவுனில் பிறந்து வளர்ந்த மெதடிஸ்ற் பிள்ளை. எல்லாரையும் போலப் பேசிக் காட்டிச் சிரிக்க வைப்பாள். அவள் பேச்சையே விட்டுவிட்டாள். இன்னொருத்தி ஜன்னல் கொஞ்சம் ஆடினாலே காதைப் பொத்திக்கொண்டு குந்திவிடுவாள். எனக்கு வேறு மாதிரி. நோயாளியின் வாயிலிருந்து தெர்மோமீற்றரை எடுத்துப் பார்ப்பேன், கோடுகள் தெரியும், எத்தனை என்று மட்டும் விளங்காது. சோற்றைக் கையில் எடுத்தால் வாய்க்குக் கொண்டுபோக மனம் வராது.

என் வீடு வெல்லாவெளியில். வாவிக்கு அந்தப்பக்கம், படுவான்கரையில் உள்ளே போகவேண்டும். அப்பா வயல் செய்கிறவர். அம்மாவும் இரண்டு தங்கச்சிமாரும் அவருடன் இருந்தார்கள். எங்கள் வீடு மண் சுவரும் கிடுகுக் கூரையும். கல்லால் கட்டிய வாட்டுக்கே இந்தக் கதி என்றால் அந்த வீட்டுக்கு என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. அதனால் யோசிக்காமல் இருந்தேன். ரோடு திறந்தவுடன் போய்விடுவது, திரும்பி வருவதில்லை என்று மட்டும் மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். என் றங்குப்பெட்டியையும் கட்டி வைத்துவிட்டேன். எனக்கு இந்த வேலை சரிவராது என்று நான் உறுதியாகவே நம்பினேன்.

எங்கள் வாட்டில் கதிரவெளியிலிருந்து வந்த ஓர் அம்மா இருந்தார். கணவர் மீன்பிடிகாரர். கூரையைத் தாங்கிய வீட்டுவளை விழுந்து அவருக்கு ஒரு கால் முறிந்திருந்தது, மற்றக் காலில் ஆழமான காயம். ஒரு காலைநேரம் அந்தக் காயத்துக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தேன். கழுவி, மருந்து வைத்து, துணியைச் சுற்றத் தொடங்கினேன். பாதியில் என் கை நின்றுவிட்டது. அடுத்தது என்ன செய்வது என்று தெரியவில்லை. துணியைப் பிடித்தபடி அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது.

அந்த அம்மா சத்தம் போடவில்லை, சிஸ்டரைக் கூப்பிடவும் இல்லை. மெதுவாக என் கையிலிருந்து துணியை வாங்கி, தானே குனிந்து மிச்சத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவது போல மனே என்று கூப்பிட்டுக் கேட்டார்.

"உன்ட ஊர் எது மனே?"

வெல்லாவெளி என்றேன்.

"வீட்டுப் புதினம் ஏதும் வந்ததா?"

இல்லை என்று தலையாட்டினேன். அத்தனை நாளில் அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். நாங்கள் எல்லாரும் ஒருவரிடம் ஒருவர் அதைக் கேட்கப் பயந்து கிடந்தோம். கேட்டால் திருப்பிக் கேட்பார்களே.

அந்த அம்மா படுத்தபடியே பக்கத்துக் கட்டிலுக்குத் திரும்பினார். "இஞ்ச கேளுங்க, வெல்லாவெளிப் பக்கத்து ஆக்கள் ஆரும் இருக்கீங்களா? எங்கட மிஸ்ஸிக்கு வீட்டுச் சேதி ஒண்டும் தெரியாதாம்."

பக்கத்துக் கட்டில் அடுத்த கட்டிலைக் கேட்டது. அந்தக் கேள்வி பாய்களைத் தாண்டி, விறாந்தையைத் தாண்டி, ஆம்பிளைகள் வாட்டுக்கும் போனது. பார்க்க வந்தவர்கள் அதை வாசலுக்குக் கொண்டு போனார்கள். வாசலில் நின்றவர்கள் தோணித்துறைக்குக் கொண்டு போனார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. சிஸ்டரின் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று பயமாகவும் இருந்தது.

அடுத்த நாள் பின்னேரம் ஒரு வண்டில்காரர் என்னைத் தேடி வாட்டு வாசலில் வந்து நின்றார். பிள்ளைப்பேற்றுக்காகத் தன் மகளைப் படுவான்கரையிலிருந்து கூட்டி வந்தவர். துறையில் யாரோ சொன்னார்களாம். வெல்லாவெளியில் சனம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்றும், தான் அங்கே ஒரு பொழுது தங்கித்தான் வந்ததாகவும் சொன்னார். அப்பாவின் பெயரைச் சொன்னேன். அவருக்குப் பெயர் தெரியவில்லை.

"பேர் தெரியா புள்ள. ஆனா அங்க ஒரு மனிசன் பசுமாட்டக் கொண்டுவந்து பள்ளிக்கூட விறாந்தையில கட்டிப்போட்டு, அவுக்கமாட்டன் எண்டு பெரிய வாத்தியாரோட சண்டை. இந்த மாட்டுப் பாலிலதான் என்ட மூத்தவள் நேர்சுக்குப் படிக்கிறாள், இதுக்கும் உள்ள இடம் வேணும் எண்டு நிக்கான். பொஞ்சாதியும் ரெண்டு பொட்டப் புள்ளையளும் வெட்கத்தில தலையக் குனிஞ்சிட்டு இருக்குதுகள்."

பெயரே தேவைப்படவில்லை. அப்பாவைத் தவிர வேறு ஆர் அப்படிச் செய்வார்? நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகையாக மாறிவிட்டது. வாட்டின் நடுவில் நின்று, நோயாளிகள் எல்லாரும் பார்த்திருக்க, குழந்தை மாதிரி அழுதேன். என் முகம் மாறியதைப் பற்றி ஒருவரும் குறை சொல்லவில்லை. மூலைப் பாயில் படுத்திருந்த ஒரு கிழவிகூட, மாடும் தப்பிவிட்டதாம் என்று பக்கத்தில் இருந்தவளுக்குச் சொல்லிச் சந்தோசப்பட்டாள்.

அன்றைக்கு நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். பாணும் பருப்பும்தான்.

அதற்குப் பிறகு எல்லாரும் கதிரவெளி அம்மாவின் கட்டிலுக்கு வரத் தொடங்கினார்கள். பயிற்சிப் பிள்ளைகள், அட்டெண்டன்மார், குசினியில் சமைக்கிறவர்கள் எல்லாரும் வந்து தங்கள் ஊரைச் சொல்லிவிட்டுப் போவார்கள். வருகிற போகிற சனத்திடம் அந்த அம்மா கேட்பார், கேட்கச் சொல்லியும் விடுவார். என் அறைத்தோழிக்குக் கல்லாற்றில் இருந்த மாமா குடும்பத்தின் சேதி வந்தது. வீடு தரைமட்டம், ஆட்கள் சுகம். அன்று பின்னேரமே அவள் அந்தச் சேதி கொண்டுவந்தவரைப் போலப் பேசிக் காட்டினாள்.

எல்லாச் சேதியும் அப்படி இருக்கவில்லை. எங்கள் வாட்டு அட்டெண்டன் அக்காவுக்கு வாகரைப் பக்கத்தில் ஒரு தம்பி. ஒருநாள் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பொடியன் வந்தான். வாசலிலேயே நின்று அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவன் முகத்தைப் பார்த்ததுமே கதிரவெளி அம்மாவுக்கு விளங்கிவிட்டது. கையை உயர்த்தி அவனை நிறுத்தினார்.

"பொறு தம்பி, அங்க நிண்டு சொல்லாத. என்ட அம்மா செத்த சேதிய எனக்கு வெளிய நிண்டு கூப்பிட்டுச் சொல்லிப்போட்டுப் போயிட்டாங்க. அது இப்பவும் காதுக்குள்ள கிடக்கு."

தாயை அதே காற்றில் பறிகொடுத்தவர் அவர் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அக்காவைத் தன் கட்டிலில் இருத்தச் சொன்னார். என்னை ஒரு பக்கம் நெருக்கி இருக்கச் சொன்னார். அக்காவின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் அந்தப் பொடியனைப் பேச விட்டார். அவனும் குந்தி இருந்து, மெதுவாக, நடந்ததை நடந்தபடி சொன்னான். அக்கா போட்ட சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் அவர் விழவில்லை. விழ இடமில்லாமல் நாங்கள் சுற்றி இருந்தோம். அதன் பிறகு பல நாட்கள் அவரைத் தனியாக எங்கும் போக நாங்கள் விடவில்லை. கிணற்றடிக்குப் போனாலும் எங்களில் ஒருத்தி கூடவே போவாள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த ஒரு பின்னேரம் சிஸ்டர் திடீரென்று வாட்டுக்குள் வந்தார். அந்தக் கட்டிலைச் சுற்றி நாங்கள் நாலைந்து பேர் நின்றோம். இன்றைக்குத் தொலைந்தோம் என்று நினைத்தேன். சிஸ்டர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு கதிரவெளி அம்மாவிடம், பக்கத்தில் நின்ற எங்களுக்கே மட்டுமட்டாகக் கேட்கும் அளவுக்குத் தணிந்த குரலில் சொன்னார்.

"கரடியனாறு. அங்க என்ட அம்மா இருக்கிறா. அண்ணன் வீட்டில."

அவருக்கு ஓர் ஊர் இருக்கிறது, அங்கே ஒரு தாய் இருக்கிறார் என்று நாங்கள் ஒருபோதும் நினைத்துப் பார்த்ததில்லை. அத்தனை நாளும் எங்களைப் போலவே ஒன்றும் தெரியாமல்தான் அவரும் நடமாடியிருக்கிறார்.

ஆண்கள் வாட்டில் ஒருவரின் மகன் கரடியனாற்றிலிருந்து சைக்கிளில் வந்து போய்க்கொண்டிருந்தான். விழுந்த மரங்களில் சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துத் தாண்டி வருவான். அவனிடம் சொல்லி அனுப்பினோம். அவன் திரும்பி வரும்வரை சிஸ்டர் வழக்கம்போல வேலை செய்தார். எங்களைக் கண்டித்தார், ஊசி போட்டார், படுக்கை விரிப்பின் மூலைகளைச் சரிபார்த்தார். ஆனால் அவர் சாப்பிடுவதில்லை என்பதை என் அறைத்தோழி கண்டுபிடித்துவிட்டாள். இரண்டு பேரும் பயந்து பயந்து பால் விடாத ஒரு கோப்பை பிளேன்ரீயும் ஒரு துண்டு கருப்பட்டியும் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தோம். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க குடிச்சிட்டீங்களா?"

இல்லை என்றோம். போய் எடுத்து வாருங்கள், சேர்ந்து குடிப்போம் என்றார். அந்த மேசையில் மூன்று பேரும் தேத்தண்ணி குடித்தோம். அடுத்த நாளும் குடித்தோம்.

சைக்கிள் பொடியன் திரும்பி வந்தபோது சிஸ்டர் ஒரு நோயாளிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அவர் போட்டு முடியும்வரை கதிரவெளி அம்மா அவனைக் கண்ணாலேயே தடுத்து வைத்தார். பிறகு சிஸ்டரைத் தன் கட்டிலில் இருக்கச் சொன்னார். நோயாளியின் கட்டிலில் தாதி இருக்கக்கூடாது என்று எங்களை எத்தனை தரம் கண்டித்தவர் அவர். இப்போது தானே அந்தக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்கட அம்மா சுகமா இருக்கா சிஸ்டர்," என்றான் பொடியன், அவர் பயப்படாதபடி முதலிலேயே. "நெல்லுக் குத்துற மில்லுக்குள்ள போய் எல்லாரும் தப்பியிருக்காங்க. கையில மட்டும் ஒரு காயம். உங்களுக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னா. நான் சாகல்ல, என்னைப் பாக்க ஓடி வரவேணாம், அங்க கிடக்கிற சனத்தப் பாரு எண்டு."

சிஸ்டர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். என் அறைத்தோழி யோசிக்காமல் அவர் முதுகில் கையை வைத்துவிட்டாள். பிறகு பயந்து எடுக்கப் போனாள். "எடுக்காத புள்ள, இருக்கட்டும்," என்றார் சிஸ்டர்.

அன்றிலிருந்து எங்கள் வாட்டில் ஒரு வழக்கம் வந்தது. வேலை மாறும்போது எல்லாரும் விறாந்தையில் கூடி ஒரு பிளேன்ரீ குடிப்போம். அன்று மனதில் நின்றதை விரும்பினவர்கள் சொல்லலாம், விரும்பாதவர்கள் சும்மா இருக்கலாம். சொல்கிறவரை ஒருவரும் திருத்தக்கூடாது, ஆறுதல் என்று குறுக்கே பேசவும் கூடாது. இதைச் சொன்னவர் சிஸ்டர்தான். இளம் டாக்டர் ஒருவர் ஒருநாள் அங்கே வந்து நின்று, தையல் போடும்போது தன் கையும் நடுங்குகிறது என்று சொன்னார். அவருக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தோம்.

ரோடு திறந்து நான் வீட்டுக்குப் போய் வந்தேன். அப்பா என்னைக் கண்டதும் முதலில் மாட்டைத்தான் காட்டினார். சில நாள் நின்று, அம்மாவுடன் சேர்ந்து கிடுகு கட்டிவிட்டு, என் விருப்பத்தோடேயே திரும்பினேன். அதற்குள் கதிரவெளி அம்மாவைக் கணவர் வந்து கூட்டிப் போயிருந்தார். கால் நன்றாகப் பொருந்திவிட்டதாம். வாட்டில் எல்லாரிடமும் பயணம் சொல்லித்தான் போனாராம். எனக்கும் சொல்லச் சொன்னாராம். பிறகு அவரை நான் காணவே இல்லை.

பயிற்சி முடித்து, வேலை செய்து, இப்போது ஓய்வும் பெற்றுவிட்டேன். மனதைப் பார்த்துக்கொள்வது பற்றி இப்போது தாதியருக்கு வகுப்பே நடத்துகிறார்கள், நல்ல விசயம். எனக்கு அதைக் கற்றுத் தந்தது, தாயையும் வீட்டையும் இழந்து, முறிந்த காலோடு படுத்துக்கொண்டு எங்கள் எல்லாரையும் தாங்கிய ஒருவர். அந்தக் கார்த்திகையை நினைக்கும்போது இத்தனை வருடத்துக்குப் பிறகும் என் மனதுக்கு முதலில் வருவது காற்றின் சத்தம் அல்ல, என் விரல்களை இறுகப் பிடித்திருந்த, உப்பேறிக் காய்த்த அவருடைய கையின் சூடுதான்.