முடக்கில் ஹோர்ன் அடிக்காத ட்ரக்

ரிமோட்டில் ஓடும் பொம்மை ட்ரக் என்றால் தரையோடு படுத்து ஓட வேண்டும் என்பது என் கட்சி. மனைவி குவைத்திலிருந்து அனுப்பிய என் வண்டி அப்படித்தான். பக்கத்து லயத்து வீட்டு வரிசையில் இருக்கும் ராஜுவின் வண்டியோ பெரிய சக்கரங்களோடு உயரமாக நிற்கும்.

"ஒன் வண்டி கல்லுல தட்டும் மச்சான்" என்பான்.

"ஒன்னோடது முடக்குல கவுந்துரும்" என்பேன்.

மழை விட்டு, நிவித்திகல மலையெல்லாம் முகம் கழுவி நின்ற ஒரு மாலையில், தேயிலைத் தோட்டத்து ரோட்டில் இரண்டையும் விட்டோம். முடக்கில், அந்த வளைவில், ராஜுவின் வண்டி கவிழ்ந்தது. என்னுடையது கவிழவில்லை, அதே வேகத்தில், எதிரே வந்த கொழுந்து லொறிக்கு அடியில் போய்விட்டது. மனைவிக்கு என்ன பதில் சொல்வேன்? எனக்கு மூச்சே நின்றது. லொறியும் நின்றது. லொறியின் பின்பக்கமாக என் வண்டி ஒரு கீறல்கூட இல்லாமல் வெளியே வந்தது.

"கவுந்ததாலதான் என்னோடது லொறிகிட்ட போகல" என்றான் ராஜு.

"குள்ளமா இருந்ததாலதான் என்னோடது தப்பிச்சிச்சு" என்றேன்.

இறங்கி வந்த லொறி ட்ரைவர் இரண்டையும் புரட்டிப் பார்த்தார். "ரெண்டுலயும் ஹோர்ன் இல்லையே. முடக்குல ஹோர்ன் அடிக்காம வரலாமாங்க?"

இப்போதெல்லாம் வளைவு நெருங்கும்போது நாங்கள் இருவரும் வண்டிகளுக்கு முன்னால் ஓடி, வாயாலேயே ஹோர்ன் அடிக்கிறோம். என் ஹோர்ன்தான் தூரம் கேட்கும். ராஜு ஒத்துக்கொள்வதில்லை.