பாலையூற்றில் பாய்ந்த மான்

போன வருடம், தைப்பொங்கல் முடிந்த அடுத்த கிழமை. திருகோணமலை லிங்கநகரில் எங்கள் வீட்டு வாசலில், முன்பக்கம் நசுங்கிப்போன என் காரைப் பார்த்தபடி நின்றேன். அருகில் தாடியைச் சொறிந்தபடி என் கணவரின் தம்பி. நான் வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு வருவதற்குள் சாவியை எடுத்துக்கொண்டு போனவர். லைசன்ஸ் எடுக்கச் சொல்லிச் சொல்லி நான் களைத்துப்போன ஆள். அவர் எடுக்கவே இல்லை.

"பாலையூற்றில மான் ஒண்டு குறுக்க பாஞ்சிட்டுது அண்ணி. காரை வெட்டித் திருப்பினனான், மதகில அடிபட்டிட்டுது" என்றார் தம்பியார்.

எங்கள் ஊரில் மான் என்றால் மறுகேள்வி கிடையாது. கோட்டைப் பக்கம் அவை ஆடுமாடு மாதிரித் தெருவில் திரியும், கடை வாசலில் வந்து வாழைப்பழத் தோலுக்கு நிற்கும். பாலையூற்றில் ஏது மான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு புத்திசாலி நான்.

தம்பியார் அடுத்த மாதம் கத்தாருக்கு வேலைக்குப் போக இருந்தார். அதற்குக் குற்றம் எதுவும் பதிவாகவில்லை என்ற பொலிஸ் அறிக்கை வேண்டும். லைசன்ஸ் இல்லாமல் ஓடிய கதை வெளியே வந்தால் பயணமும் போகும், காப்புறுதியும் கிடைக்காது. அவரைப் பெற்ற மாமி அழத் தொடங்கினார். கணவர் என்னைக் அடுப்படிக்குள் கூப்பிட்டார். "நீர்தான் ஓட்டினனீர் எண்டு சொல்லும். பொம்பிளையளைத் துருவிக் கேக்க மாட்டினம்."

நான் அரச அலுவலகமொன்றில் எழுதுவினைஞர். நாள் முழுக்க மற்றவர்களின் படிவங்களில் பிழை பிடிப்பதுதான் என் தொழில். இருந்தும் தலையாட்டினேன். தம்பியாரின் எதிர்காலத்தைக் கெடுத்தவள் என்று ஆயுளுக்கும் கேட்டுக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் காலை காப்புறுதிக் கம்பனியிலிருந்து ஒருவர் வந்து காரைப் படம் எடுத்தார். "பாலையூற்றிலயா மான்?" என்று புருவத்தை உயர்த்தினார். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். எனக்குப் பதற்றம் வந்தால் வாய் நீளும். பெரிய கலைமான் என்றேன். கொம்பைக் கையால் அளந்து காட்டினேன். போதாக்குறைக்கு, பின்னால் ஒரு குட்டியும் வந்தது என்றேன். அவர் எல்லாவற்றையும் படிவத்தில் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் பொலிஸ் நிலையத்தில் இருந்து அழைத்தார்கள். ஏதோ வழமையான விசாரணை என்று நினைத்து நல்ல சேலை உடுத்திக்கொண்டு போனேன்.

"கார் ஓட்டினது நீங்கள்தானே, மிஸ்?" என்று கேட்டார் பொறுப்பதிகாரி.

"ஓம்" என்றேன்.

"அப்ப, பாலையூற்றில பொலிஸ் மறிக்க நிப்பாட்டாமல் ஓடினதும் நீங்கள்தான்."

மறித்தார்களா? ஓடினாரா? இதை எவரும் எனக்குச் சொல்லவில்லையே! கார் இலக்கத்தை வைத்துத் தேடி, கம்பனியில் இருந்து என் படிவத்தையும் எடுத்து மேசையில் வைத்திருந்தார்கள். ஓரமாகக் கதிரையில் ஓர் இளம் கான்ஸ்டபிள் இருந்தார். வலது கையில் கட்டு. அவர் படிவத்தைப் பார்த்து, கோபமே இல்லாமல் சொன்னார்.

"மான் இல்ல, மிஸ். பாஞ்சது நான்தான். பாயாட்டி என்மேல காரை ஏத்தியிருப்பார், அந்தத் தாடிக்காரன். குட்டி ஒண்டும் வரேல்ல."

அங்கேயே அழுதுவிட்டேன். பிறகு நடந்ததை முழுக்கச் சொல்லி வாக்குமூலம் கொடுத்தேன். வீட்டுக்குப் போய்த் தம்பியாரைக் கேட்டபோது, "சொன்னால் நீங்கள் பயந்திடுவியள் எண்டுதான் அண்ணி" என்றார். கன்னத்தில் ஒன்று கொடுக்கக் கை உன்னியது. மாமியோ இன்றுவரை, நான் வாயைத் திறந்ததால்தான் கத்தார் வேலை கைவிட்டுப் போனது என்கிறார்.

பொலிசுக்கு நிற்காமல் ஓடியதற்கும் லைசன்ஸ் இல்லாததற்கும் அவர் மேல் வழக்கு. பொய் சொல்லிக் காப்புறுதி கேட்டதற்கு எங்கள் இருவர் மேலும் வழக்கு. ஒவ்வொரு தவணைக்கும் லீவு எடுத்து, தெரிந்த முகம் ஏதும் வந்துவிடக் கூடாதே என்று குனிந்துகொண்டு நீதிமன்ற வாசலில் நின்றேன். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் மாதக்கணக்காக நித்திரை இல்லை. கடைசியில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். தண்டப்பணமும் கடும் எச்சரிக்கையுமாக விட்டார்கள். வேலை தப்பியது, பதவி உயர்வு தப்பவில்லை.

கடைசித் தவணையன்று சாட்சிக்கு வந்திருந்த அந்தக் கான்ஸ்டபிளிடம் மன்னிப்புக் கேட்டேன். கை எப்படி என்றும் கேட்டேன். "பாரம் தூக்க ஏலாது மிஸ். மகளைத் தூக்கத்தான் கஷ்டம்" என்றார்.

"ஒரு சின்னப் பொய்தானே" என்று கணவர் இப்போதும் சொல்லும்போது எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அந்த மதகைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் என் மேல்தான் அதைவிட எரிச்சல் வருகிறது: உயிர் தப்பப் பாய்ந்த ஒரு தகப்பனை, கொம்பு வைத்து, குட்டியும் சேர்த்து, மானாக்கிக் கையெழுத்துப் போட்டவள் நான்தானே.