அறுப்பை விட்டுவிட்டு அருவிக்கு

தை மாதத்தில் நெல் முற்றி நிற்கும்போது எங்கள் பக்கத்தில் யாரும் ஊரைவிட்டு நகர மாட்டார்கள். கல்யாணம் என்றால் அறுப்பு முடியட்டும் என்பார்கள். சாவு என்றால் போய்த் தலையைக் காட்டிவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில், திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் வயல் வைத்திருந்த என் அப்பா, ஒரு தை மாதம் சாப்பிட்டுக் கை கழுவியபடியே, "ஒகேனக்கல் போறோம். துணிமணி எடுத்து வைங்க" என்றார்.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். அருவி பார்க்கப் போகிற சந்தோஷத்தைவிட, இந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்ற குழப்பம்தான் பெரிதாக இருந்தது. வரப்பில் ஒரு ஆடு ஏறினால்கூடச் சோற்றை விட்டு எழுந்து ஓடுகிறவர் அவர்.

குழப்பத்துக்குப் பின்னால் இருந்ததை நான் வளர்ந்த பிறகுதான் கோத்துப் பார்த்தேன். ஆட்சி மாறி, ஊர்ச் சுவரெல்லாம் கறுப்பும் சிவப்புமாக ஆகியிருந்த காலம். கூலி விஷயத்தில் சட்டம் வரும், வந்துவிட்டது, வராது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். வயல் வேலை செய்கிறவர்கள் தெருமுனையில் சிவப்புக் கொடி ஏற்றி, அறுப்புக் கூலியாக இன்னும் அரை மரக்கால் நெல் கேட்டார்கள். நிலக்காரர்கள் கூடிப் பேசி, கொடுப்பதில்லை, வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கி அறுப்பது என்று முடிவு செய்தார்கள். அந்தக் கூட்டத்தில் சத்தம் போட்டுப் பேசியவர் என் தாய்மாமன், அம்மாவுடன் பிறந்த அண்ணன். பக்கத்து ஊர்களில் இப்படி ஆள் இறக்கிய இடங்களில் அரிவாள் நெல்லை மட்டும் அறுக்கவில்லை.

ஊரிலேயே எங்கள் வயல்தான் முதலில் முற்றும். ஆகவே எந்த ஆள் அறுப்பது என்ற சண்டையும் எங்கள் வரப்பில்தான் தொடங்கியாக வேண்டும். மாமா வந்து, "லாரி தயாரா இருக்கு மாப்ளே, நீங்க வயல்ல வந்து நின்னா போதும்" என்றார். வருஷா வருஷம் எங்கள் வயலில் அறுத்த பெண்கள் கொல்லைப்புறம் வந்து அம்மாவிடம், "நாங்க நட்டது, நாங்கதாம்மா அறுப்போம்" என்றார்கள். அப்பா இரண்டு தரப்புக்கும் ஒரே மாதிரி தலையாட்டினார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வயலுக்குச் சொந்தமான வீட்டார் கிழக்கே பார்த்து நின்று முதல் கைப்பிடியை அறுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் அரிவாள் வைப்பார்கள். அதற்கு முன்னால் யார் வைத்தாலும் அது திருட்டு அறுப்பு, போலீஸ் வரைக்கும் போகும். அப்பா ஊரில் இல்லையென்றால் முதல் கைப்பிடி இல்லை. முதல் கைப்பிடி இல்லையென்றால் லாரி ஆட்களும் இறங்க முடியாது, உள்ளூர் ஆட்களும் இறங்க முடியாது. இதுதான் அவர் போட்ட திட்டம். ஆனால் எங்கள் வயலில் நின்றது முற்றினால் கொட்டிவிடும் ரகம். நாள் போகப் போக வருஷச் சாப்பாடு சேற்றில் உதிரும். இது அவருக்குத் தெரியாதா என்றால், அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை.

திருச்சி, சேலம், தருமபுரி என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். லாட்ஜில் எங்களைத் தவிர அதிகம் பேர் இல்லை. குளிர் காலத்தில் அங்கே வருகிறவர்கள் குறைவு. மேனேஜர் முகவரியைக் கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"தஞ்சாவூர்ப் பக்கமா? அங்க இப்ப அறுப்பாச்சே. இங்க என்ன பண்றீங்க?"

"பாப்பாவுக்கு உடம்பு சரியில்லை. காத்து மாறினா தேவலாம்னு டாக்டர் சொன்னாரு" என்றார் அப்பா.

நான் கல்லுக்குண்டு மாதிரி இருந்தேன். ஆனாலும் அப்பா பொய் சொல்ல மாட்டார் என்று நம்புகிற வயசு. எனக்கே தெரியாமல் எனக்கு ஏதோ நோய் இருக்கிறது என்று பயந்துபோய், மேனேஜரைப் பார்க்கும்போதெல்லாம் ஒருமுறை இருமிவைத்தேன். அவர் பாவம், பனங்கற்கண்டு கொடுத்தார்.

அருவிக்குத் தினமும் போனோம். அப்பா மஃப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு பாறையில் தள்ளி நின்று பார்ப்பார், குளிக்க மாட்டார். "இது மேட்டூர் போகணும், கல்லணை வரணும், வெண்ணாத்துல பிரியணும், அப்புறம் நம்ம வாய்க்காலு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். ஆனியில் இந்தத் தண்ணீர் வரவில்லையே என்று வானத்தைத் திட்டுகிறவர், இப்போது தண்ணீரைப் பார்த்தே முகத்தைச் சுளித்தார்.

அம்மாவைப் பார்த்தால் இன்னும் குழப்பம். வீட்டில் ஒரு குருணை சிந்தினாலும் பொறுக்கி எடுக்கிறவள், வயலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற பெண்ணிடம் உட்கார்ந்து நன்றாகத் தேய்க்கச் சொன்னாள். பொரித்த மீனை இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பரிசலில் ஏறி, "இன்னும் ஒரு சுத்து சுத்துங்க" என்று பரிசல்காரரிடம் சொன்னாள். இருவரில் யாருக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்று எனக்கு முடிவுகட்ட முடியவில்லை. எனக்கு அழுகையாக வந்தது, ஆனால் எதற்கு அழுவது என்று தெரியாததால் அழவில்லை.

ஒரு வாரம் தாண்டியிருக்கும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அப்பா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். காற்று திரும்பியதோ என்னவோ, அருவிச் சத்தம் ஜன்னலில் பலமாகக் கேட்டது. எங்கள் ஊரில் தண்ணீர் சத்தம் போடாது. வாய்க்காலில், மடையில், வயலில் அது பேசாமல் போய்க்கொண்டிருக்கும். தண்ணீர் இரைந்தால் கரை உடைந்துவிட்டது என்று அர்த்தம். அப்பா தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். "உடைப்பு, உடைப்பு. மம்பட்டிய எடு" என்று வேட்டியை மடித்துக் கட்டியபடி வெளியே ஓடினார். படியிறங்கி, லாட்ஜ் வாசலில் தோட்ட வேலைக்குச் சாத்தியிருந்த மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார். ரோட்டில் மீன் பொரிக்கிறவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

அங்கேதான் அப்பாவுக்கு விழிப்பு வந்தது. மண்வெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கதிர் சாஞ்சிருக்குமே பாப்பா" என்றார். அதைச் சொன்ன குரலில் இருந்த பயம் எனக்கு இன்னும் வலிக்கிறது.

அறைக்குத் திரும்பி அவர் கட்டிலில் குறுகி உட்கார்ந்தபோது, அம்மா பெட்டியைத் திறந்தாள். சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு கைப்பிடி நெற்கதிர்.

அப்பா அதையே பார்த்தார். "இது யாரு அறுத்தா?"

"நான்தான். நாம கிளம்புன அன்னிக்கு விடியக் கருக்கல்ல போயி அறுத்தேன். அரை மரக்கால் சேத்தே அளந்து எடுத்துக்குங்க, எறங்குங்கன்னு நம்ம பொம்பளைங்கக்கிட்ட சொல்லிட்டுத்தான் பஸ் ஏறுனேன்."

"என்னைக் கேக்கணும்னு தோணலியா?"

"கேட்டா தலையாட்டுவீங்க. ரெண்டு பக்கமும் ஆட்டுவீங்க. உங்களுக்கு எங்கண்ணனும் வேணும், ஊரும் வேணும். எனக்குப் பிள்ளைக்குச் சோறு வேணுங்க."

அப்பா கதிரை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "நெல்லு?" என்றார்.

"இந்நேரம் களத்துல இருக்கும்."

"உங்கண்ணன்?"

அம்மா துண்டை மறுபடி மடித்தாள். "அது என் பாடு" என்றாள்.

மறுநாள் கிளம்பும் முன் அப்பா முதல் தடவையாக அருவியில் நின்றார். அந்தப் பனியில், மஃப்ளரைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, உள்ளே போனவர் வரவே இல்லை. நான் பயந்து கூப்பிட்டேன். வெளியே வந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தது. கோபமா, அழுகையா, நிம்மதியா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் எனக்குத் தெரியாது. "தண்ணி வேகம்" என்றார்.

ஊருக்கு வந்து நேராக வயலுக்குத்தான் போனோம். தாள் மட்டும் நின்றது. களத்தில் நெல் குவிந்து, யாரும் தொடாதபடி சாம்பலால் குறி போட்டிருந்தது. நடந்ததை அந்தப் பெண்களில் மூத்தவர் சொன்னார். மாமா லாரியோடு வரப்பில் வந்து நின்றிருக்கிறார். திருட்டு அறுப்பு என்று கத்தியிருக்கிறார். "முதல் கைப்பிடி உங்க தங்கச்சி அறுத்ததுங்க" என்று இவர்கள் சொன்னதும் பேச்சு நின்றுவிட்டது. ஒரு சொட்டு ரத்தமில்லாமல் லாரி திரும்பியது. மாமாவும் அதோடு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. பின்னால் நான் பெரியவளானபோது தாய்மாமன் சீர் இல்லாமலே எனக்குச் சடங்கு நடந்தது. அம்மா அன்றைக்கு அடுப்படியில் நின்று அழுதாள். அது அவள் பாடு என்று சொன்னதன் அர்த்தம் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வாய்க்கால் தலைப்பில், ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு நெல்லை அறுக்காமல் விட்டிருந்தார்கள்.

"அது ஐயாவுக்குன்னு விட்டு வச்சதுங்க. வருஷா வருஷம் நீங்க எடுக்கறதாச்சே" என்றார் அந்தம்மா, அரிவாளை நீட்டி.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். கிழக்கே பார்த்து நின்றார். குனிந்து ஒரு பிடி சேர்த்துப் பிடித்தார். அரிவாள் படுவதற்கு முன்பே பொலபொலவென்று மணியெல்லாம் அவர் கால்மேல் கொட்டியது. அறுத்து நிமிர்ந்தபோது கையில் வெறும் வைக்கோல் இருந்தது. வரப்பில் நின்ற யாரும் சிரிக்கவில்லை.

அம்மா துண்டைப் பிரித்துத் தன் கதிரை எடுத்து அவரது இன்னொரு கையில் வைத்தாள். அப்பா இரண்டையும் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் நடந்து வந்தார். புதுக் கதிர் கட்டுகிற நிலைப்படிக்கு எதிரில் நின்று, பின்னால் வந்த அத்தனை பேர் முன்னாலும் அம்மாவிடம் கேட்டார்.

"எதைக் கட்டட்டும்?"

"மணி இருக்கிறதைக் கட்டுங்க" என்றாள் அம்மா.

அப்பா அதைத்தான் கட்டினார்.