பெயர் வராது

என் மனைவி பல்கலைக்கழகத்தில் குடிமையியல் நடத்துகிறாள். எல்லாத் துறை மாணவர்களுக்கும் அது கட்டாயப் பாடம், அதனாலேயே யாருக்கும் வேண்டாத பாடம். "என்ன நெனைக்கிறீங்க, கையத் தூக்குங்க" என்று இவள் தொண்டை கிழியக் கேட்பாள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் வகுப்பு உட்கார்ந்திருக்கும். அவளுக்குப் பட்டப்பெயர் கைதூக்கு மேடம். வீட்டில் நானும் அப்படிக் கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

போன வருடம் நிர்வாகம் ஒரு செயலியை வாங்கிக் கொடுத்தது. இவள் கேள்வி போட்டால் பிள்ளைகள் கைபேசியில் பதில் எழுதலாம். பதில் மட்டும் வகுப்புத் திரையில் வரும், எழுதியவர் பெயர் வராது. முதல் நாளே திரை நிரம்பி வழிந்ததாம். வீட்டுக்கு வந்தவள் நான் நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தைப் பிடுங்கி ஓரமாக வைத்தாள்.

"ஏங்க, அதுங்களுக்கு எல்லாம் தெரியுதுங்க. இவ்ளோ நாளா சொல்லத்தான் பயந்திருக்குங்க."

அவள் முகத்தில் அப்படியொரு களையை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

பிறகு, அதிகாரத்தைக் கேள்வி கேட்பது பற்றிய பாடம் வந்தது. நம் வளாகத்தில் யாரை என்ன கேட்க வேண்டும் என்று எழுதச் சொன்னாள். "பேர் வராதுல்ல மேடம்?" என்று ஒரு குரல் கேட்டது. "வராது, நான் சொல்றேன்ல" என்றாள் இவள். விடுதிக் காப்பாளர் பெண்கள் அறைக்குள் கதவைத் தட்டாமல் வருகிறாரே, அவரை யார் கேட்பது என்று ஒரு பதில் திரையில் வந்தது. யாரோ அதைப் படம் எடுத்துப் பரப்பிவிட்டார்கள்.

திரையில்தான் பெயர் வராது, கணினிப் பிரிவில் எல்லாப் பெயரும் இருக்கும் என்று இவளுக்கு யாரும் சொல்லவில்லை. பதிவாளர் கேட்டார், அவர்கள் எடுத்துக் கொடுத்தார்கள். காப்பாளரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவதூறு என்று எழுதி, அந்தப் பெண்ணை விடுதியைவிட்டு அனுப்பினார்கள். அவளுடைய அப்பா வந்து படிப்பையே நிறுத்தி அழைத்துப் போய்விட்டார்.

இவள் பதிவாளரிடம் ஓடினாள். "பேர் வராதுன்னு புள்ளைங்களுக்கு வாக்கு குடுத்திருக்கேன் சார்."

"நீங்க குடுத்தீங்க மேடம். நாங்க குடுக்கலையே."

நானாக இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். இவள், தான் நடத்தும் பாடத்தில் உள்ளபடியே மனு, நினைவூட்டல், மேல்முறையீடு என்று எழுதினாள். எல்லாம் கிணற்றில் போட்ட கல்.

அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நீங்க என்ன மேடம் பண்ணுவீங்க" என்றாள் அவள். திரும்பும்போது பேருந்தில், "திட்டியிருந்தாக்கூடப் பரவால்லங்க" என்று இவள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

செயலி இன்னும் இருக்கிறது. எந்தக் கேள்வி போட்டாலும் 'கருத்து இல்லை' என்றே பதில் வருகிறது. அடுத்த மாதம் தேர்தல். வகுப்பில் பாதிப் பேருக்கு அதுதான் முதல் ஓட்டு. நேற்று ரகசிய வாக்கெடுப்பு பற்றி நடத்தியிருக்கிறாள். நீங்கள் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று சொன்னதும் வகுப்பே சிரித்ததாம்.

"கிண்டல் பண்றாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. நான் ஜோக் சொல்றேன்னு நெனச்சுட்டாங்க."